யாரும் சொல்லாமலே தயாராகும் சர்வர்கள்

ஒரு சனிக்கிழமைக் காலை மணி 9.05. நான் வேலைப் பயிற்சி செய்துகொண்டிருந்த சிறிய நிறுவனத்தின் தொலைபேசி விடாமல் ஒலிக்கத் தொடங்கியது.

“தேர்வு 9 மணிக்கு என்றீர்கள். இன்னும் தொடங்கவில்லை என்றுதான் திரையில் வருகிறது” என்றார் ஒரு தாயார். அடுத்த அழைப்பிலும் அதே புகார். மூன்றாவது அழைப்புதான் என்னைக் குழப்பியது. ஒரே வீட்டில், ஒரே மேசையில் உட்கார்ந்திருந்த இரட்டைப் பிள்ளைகளில் அக்காவுக்குத் தேர்வு திறந்துவிட்டது. தம்பிக்குத் திறக்கவில்லை.

துணைப்பாட நிலையங்களுக்காக இணையத்தில் மாதிரித் தேர்வு நடத்தித் தருவது அந்த நிறுவனத்தின் தொழில். ஜிசிஇ சாதாரண நிலைத் தேர்வுக்குத் தயாராகும் உயர்நிலை நான்கு மாணவர்களுக்கு அன்று கணித மாதிரித் தேர்வு. நான் அப்போது பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவன். வேலைப் பயிற்சியில் ஐந்தாவது வாரம். அன்று அலுவலகத்தில் இருந்தது நானும் வாடிக்கையாளர் சேவை ஊழியர் ஒருவரும் மட்டுமே.

எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் சொன்னேன். “பக்கத்தை மூடிவிட்டு மறுபடியும் திறந்து பாருங்கள்.” சிலருக்குத் திறந்தது. ஆனால், ஏற்கெனவே தேர்வு எழுதிக்கொண்டிருந்த சிலர் என் பேச்சைக் கேட்டு மறுபடியும் திறந்தபோது வெளியே தள்ளப்பட்டார்கள். நான் சொன்ன அறிவுரையே பாதிப்பை அதிகமாக்கியது.

மூன்றாவது சர்வரின் கடிகாரம்

எங்கள் தேர்வுத்தளம் மேகக் கணினிச் சேவையில் இயங்கியது. வழக்கமாக இரண்டு சர்வர்கள். கூட்டம் கூடினால் மூன்றாவது சர்வர் தானாகவே உயிர்பெறும். கூட்டம் குறைந்ததும் அது அழிக்கப்படும். வாடகைச் செலவைக் குறைக்க இது நல்ல வழி. மாணவர்களை மூன்று சர்வர்களுக்கும் பிரித்து அனுப்ப முன்னால் ஒரு ‘லோட் பேலன்சர்’ இருந்தது.

இருபது நிமிடம் தேடிய பிறகு, சர்வர்களின் நிலையைக் காட்டும் கண்காணிப்புத் திரையில் காரணம் தெரிந்தது. முதல் இரண்டு சர்வர்களின் கடிகாரம் காலை 9.25 என்று காட்டியது. மூன்றாவதில் நள்ளிரவு தாண்டி 1.25.

மேகச் சேவைகளில் புதிதாகப் பிறக்கும் லினக்ஸ் சர்வர்கள் பெரும்பாலும் யுடிசி எனப்படும் அனைத்துலக நேரத்தில்தான் கண் விழிக்கும். சிங்கப்பூர் அதைவிட 8 மணி நேரம் முன்னே இருக்கிறது. சிங்கப்பூர் நேரத்துக்கு மாற்றும் வேலையையும் இன்னும் சில அமைப்புகளையும் என் மேற்பார்வையாளர் தம் மடிக்கணினியிலிருந்து செய்வார். முதல் இரண்டு சர்வர்களுக்கும் வெள்ளிக்கிழமையே செய்துவிட்டார். மூன்றாவது சர்வர் பிறந்தது சனிக்கிழமை காலை 8.50க்கு. அதற்குச் சொல்ல அப்போது யாரும் இல்லை. அந்தச் சர்வரைப் பொறுத்தவரை தேர்வுக்கு இன்னும் 8 மணி நேரம் இருந்தது. அங்கே அனுப்பப்பட்ட மாணவர்களை அது வாசலிலேயே நிறுத்திவிட்டது.

மேற்பார்வையாளருக்கு அழைத்தேன். உறவினர் திருமணத்துக்காக ஜொகூர் பாரு போய்க்கொண்டிருந்தார். கார் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி நெரிசலில் நின்றுகொண்டிருந்தது. சர்வருக்குள் நுழையும் சாவிக் கோப்பு அவருடைய மடிக்கணினியில். மடிக்கணினி காரின் பின்பெட்டியில். அந்தச் சர்வரை நிறுத்திவைக்கும் அனுமதிகூட எனக்கு இல்லை. அவர் மறுபுறம் சென்று, காரை ஓரமாக நிறுத்தி, வேலையை முடித்தபோது மணி 10.10. அந்த வேலைக்கு எடுத்த நேரம் இரண்டே நிமிடம்.

பாதிக்கப்பட்டவர்களுக்கு மறுதேர்வு வைத்தோம். அடுத்த நாள் ஒரு மாணவி அனுப்பிய மின்னஞ்சல் இன்னும் நினைவில் இருக்கிறது. முதல் 40 நிமிடம் தன் கணினிதான் பழுதாகிவிட்டது என்று நினைத்து அழுதுவிட்டதாக எழுதியிருந்தார்.

வாயில்காப்பாளரும் அறிவிப்புப் பலகையும்

திங்கட்கிழமை என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு. “தம்பி, நடந்ததுக்கு நீ காரணமில்லை. எல்லாமே என் மடிக்கணினியை நம்பி இருந்ததுதான் காரணம். அடுத்த தேர்வுக்கு நாலு வாரம் இருக்கு. என்னைக் கேட்காமலே சர்வர் தயாராகணும். நீயே செஞ்சு பார்.”

“நானாண்ணே?” என்று கேட்டேன். “ஆமா, நான் பக்கத்துல இருக்கேன்” என்றார்.

அவர் முதலில் விளக்கியது ஒரு பள்ளிக்கூட உதாரணம். பள்ளி திறக்கும் முதல் நாள். ஆசிரியர் ஒருவர் வாயிலில் நின்று, வரும் ஒவ்வொரு மாணவரிடமும் “உனக்கு இந்த வகுப்பு, அந்த மாடி” என்று சொல்கிறார். எல்லாரும் நேரத்துக்கு வந்தால் சிக்கல் இல்லை. தாமதமாக வரும் மாணவன் என்ன செய்வான்? ஆசிரியர் உள்ளே போயிருப்பார். ஆனால், வாயிலருகே ஓர் அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டியிருந்தால், எந்த நேரத்தில் வந்தாலும் மாணவனே படித்துத் தன் வகுப்புக்குப் போய்விடுவான்.

சர்வர் உலகில் முதல் முறைக்குப் ‘புஷ்’ என்று பெயர். மையமாக ஒரு கணினி மற்றக் கணினிகளுக்குள் நுழைந்து கட்டளைகளைத் தள்ளுகிறது. இரண்டாவது முறைக்குப் ‘புல்’ என்று பெயர். ஒவ்வொரு சர்வரும் எழுந்தவுடன் தானே சென்று, தனக்குரிய குறிப்பை இழுத்துவந்து, தன்னைத்தானே அமைத்துக்கொள்கிறது. எங்கள் மூன்றாவது சர்வர், வாயிலில் ஆசிரியர் இல்லாத நேரத்தில் வந்த மாணவன்.

இந்த எண்ணம் புதிதல்ல. 1993ல் ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் பர்ஜஸ் என்ற இயற்பியலாளர், அங்கிருந்த பலவகைக் கணினிகளைப் பராமரிக்க ‘சிஎஃப்இன்ஜின்’ என்ற மென்பொருளை எழுதினார். ஒவ்வொரு கணினியிலும் ஒரு சிறு முகவர் இருக்கும். எழுதப்பட்ட கொள்கையோடு தன் நிலையை ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் அதுவே சரிசெய்துகொள்ளும். பின்னர் 2004ல் அவர் ‘வாக்குறுதிக் கோட்பாடு’ என்ற ஒன்றையும் முன்வைத்தார். ஒரு கணினி தன் நடத்தைக்கு மட்டுமே வாக்குக் கொடுக்க முடியும், மற்றொன்றின் சார்பாகக் கொடுக்க முடியாது என்பது அதன் அடிப்படை.

மூன்று படிகளில் கட்டியது

எங்கள் மேற்பார்வையாளர் ஏற்கெனவே பயன்படுத்திவந்தது ‘அன்சிபிள்’ என்ற கருவி. மைக்கேல் டிஹான் உருவாக்கி 2012ல் வெளிவந்த இதை, 2015ல் ரெட் ஹாட் நிறுவனம் வாங்கியது. சர்வர் எப்படி இருக்க வேண்டும் என்பதை ‘பிளேபுக்’ என்ற கோப்பில் எழுதிவிட்டால், அன்சிபிள் எஸ்எஸ்எச் இணைப்புவழி ஒவ்வொரு சர்வருக்குள்ளும் சென்று அதைச் செய்யும். இது புஷ் முறை. ஆனால், அதே கருவியில் ‘அன்சிபிள்-புல்’ என்ற கட்டளையும் இருக்கிறது. அதைச் சர்வரிலேயே இயக்கினால், ‘கிட்’ களஞ்சியத்திலிருந்து பிளேபுக்கை இறக்கி, அந்தச் சர்வரிலேயே செயல்படுத்தும். அதாவது, பழைய பிளேபுக்கைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதை மடிக்கணினியிலிருந்து எடுத்து, எல்லாச் சர்வர்களும் படிக்கக்கூடிய இடத்தில் வைத்தால் போதும்.

இதுதான் முதல் படி. கிட் களஞ்சியம் எங்கள் அறிவிப்புப் பலகை ஆனது. சர்வர்களுக்கு அதைப் படிக்கும் சாவி மட்டும் கொடுத்தோம். எழுதும் அனுமதி கிடையாது.

இரண்டாவது படி, பிறந்த சர்வருக்கு அந்தப் பலகை எங்கே இருக்கிறது என்று சொல்வது. இதற்கு உதவுவது ‘கிளவுட்-இனிட்’. உபுண்டுவை உருவாக்கும் கெனானிக்கல் நிறுவனத்தில் தொடங்கிய இந்த மென்பொருள், இன்று பெரும்பாலான மேகச் சேவைகளின் லினக்ஸ் சர்வர்களில் முன்கூட்டியே இருக்கிறது. சர்வர் முதன்முறை எழும்போது, நாம் கொடுத்த சிறு குறிப்பைப் படித்து அதன்படி செய்யும். அமேசான் மேகச் சேவையில் இந்தக் குறிப்பு 16 கிலோபைட்டைத் தாண்டக்கூடாது. அதனால் எல்லாவற்றையும் அதிலேயே எழுதவில்லை. “கிட்டையும் அன்சிபிளையும் நிறுவு, இந்த முகவரிக்குப் போய் பிளேபுக்கை எடுத்து இயக்கு” என்ற அளவோடு நிறுத்திக்கொண்டோம்.

மூன்றாவது படியை நானாக யோசிக்கவில்லை. கிளவுட்-இனிட் நம் குறிப்பில் உள்ள பெரும்பாலான வேலைகளைச் சர்வரின் வாழ்நாளில் ஒருமுறைதான் செய்யும். சர்வரை நிறுத்தி மீண்டும் இயக்கினால் மறுபடியும் செய்யாது. பிறகு பிளேபுக்கை மாற்றினால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களுக்கு அது எப்படித் தெரியும்? அதனால் லினக்ஸில் உள்ள ‘சிஸ்டம்டி’ கடிகாரத்தைப் பயன்படுத்தி, சர்வர் எழும் ஒவ்வொரு முறையும், அதன்பின் 15 நிமிடத்துக்கு ஒருமுறையும் அன்சிபிள்-புல் இயங்கும்படி செய்தோம். யாராவது கையால் ஓர் அமைப்பை மாற்றியிருந்தாலும் அடுத்த சுற்றில் அது பழைய நிலைக்கு வந்துவிடும்.

நான் செய்த தவறுகள்

படிக்கும்போது எளிதாகத் தெரியும் இந்த வேலை எனக்கு மூன்று வாரம் பிடித்தது. என் தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வேறு புதிய தவறுகள் செய்யலாம்.

முதல் தவறு, ஓர் இடைவெளி. கிளவுட்-இனிட் குறிப்பின் முதல் வரியில் # குறியும் ‘கிளவுட்-கான்ஃபிக்’ என்ற சொல்லும் ஒட்டி இருக்க வேண்டும். நான் இடையில் ஓர் இடைவெளி விட்டுவிட்டேன். சர்வர் எழுந்தது. ஆனால், நான் எழுதிய எதையும் செய்யவில்லை. அரை நாள் தேடிய பிறகுதான் பதிவுக் கோப்பைத் திறந்து பார்த்தேன். உன் குறிப்பு எந்த வகை என்று புரியவில்லை என்ற எச்சரிக்கை அங்கே காத்திருந்தது. ஏதாவது தவறினால் முதலில் பதிவுக் கோப்பைப் படியுங்கள்.

இரண்டாவது தவறு, திரும்பத் திரும்பச் செய்தால் கெட்டுப்போகும் கட்டளை. “இந்தக் கோப்பின் கடைசியில் இந்த வரியைச் சேர்” என்று எழுதியிருந்தேன். 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடியதால், ஒரே நாளில் அந்தக் கோப்பில் அதே வரி கிட்டத்தட்ட நூறு முறை இருந்தது. “இந்தக் கோப்பில் இந்த வரி இருக்க வேண்டும்” என்று எழுதியிருக்க வேண்டும். இருந்தால் அன்சிபிள் ஒன்றும் செய்யாது. இல்லாவிட்டால் சேர்க்கும். வீவக புளோக்கில் மின்தூக்கிப் பொத்தானைப் பத்து முறை அழுத்தினாலும் மின்தூக்கி ஒருமுறைதான் வரும். தானாக இயங்கும் எந்தக் கட்டளையும் அப்படித்தான் இருக்க வேண்டும். கணினித் துறையில் இந்தப் பண்பை ‘ஐடெம்போடென்ஸ்’ என்பார்கள்.

மூன்றாவது, கடவுச்சொல். தரவுத்தளத்தின் கடவுச்சொல்லைக் கிட் களஞ்சியத்திலேயே எழுதிவைத்தேன். மேற்பார்வையாளர் பார்த்ததும் நிறுத்தச் சொன்னார். அடுத்த மாற்றத்தில் அழித்துவிட்டால் போதாதா என்று கேட்டேன். போதாது. கிட் பழைய நிலைகளையும் சேமித்து வைக்கும். வரலாற்றைப் புரட்டினால் கடவுச்சொல் அங்கேயே இருக்கும். கிளவுட்-இனிட் குறிப்பும் பாதுகாப்பான இடமல்ல, சர்வருக்குள் இருக்கும் மற்ற மென்பொருள்களும் அதைப் படிக்கக்கூடும். அந்தக் கடவுச்சொல்லை உடனே மாற்றினோம். புதியதை மேகச் சேவையின் இரகசியப் பெட்டகத்தில் வைத்து, எங்கள் சர்வர்கள் மட்டும் அதைப் படிக்க அனுமதித்தோம்.

நான்காவதுதான் மிகவும் பயமுறுத்தியது. பிளேபுக்கில் ஒரு பிழையோடு களஞ்சியத்தில் சேர்த்துவிட்டு மதிய உணவுக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் சோதனைச் சர்வர்கள் அனைத்தும் விழுந்து கிடந்தன. அறிவிப்புப் பலகையில் தவறாக எழுதினால் எல்லா மாணவர்களும் தவறான வகுப்புக்குத்தான் போவார்கள். அதன்பின் களஞ்சியத்தில் இரண்டு கிளைகள் வைத்தோம். சோதனைச் சர்வர் ஒரு கிளையைப் படிக்கும். உண்மையான சர்வர்கள் மற்றொன்றைப் படிக்கும். சோதனையில் தேறி, இன்னொருவர் படித்துப் பார்த்த பிறகே மாற்றம் இரண்டாவது கிளைக்குப் போகும்.

“தயார்” என்று சொல்லும் முன்

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது மேற்பார்வையாளர் ஒரு கேள்வி கேட்டார். “கிட் களஞ்சியம் அன்னைக்கு வேலை செய்யலைன்னா?”

நல்ல கேள்வி. மையக் கட்டுப்பாட்டுக் கணினி இல்லை என்கிறோமே தவிர, எல்லாச் சர்வர்களும் ஒரே களஞ்சியத்தை நம்பித்தான் இருக்கின்றன. அது நின்றால், ஏற்கெனவே தயாரான சர்வர்களுக்குப் பாதிப்பில்லை. அவை வேலையைத் தொடரும். ஆனால், புதிதாகப் பிறக்கும் சர்வர் அரைகுறையாக நிற்கும்.

அந்தச் சனிக்கிழமை நடந்ததை மறுபடியும் யோசித்தேன். மூன்றாவது சர்வர் தயாராகவில்லை என்பது பாதிப் பிரச்சினைதான். தயாராகாமலேயே “நான் தயார்” என்று லோட் பேலன்சருக்குப் பதில் சொன்னதுதான் மீதிப் பாதி. தேர்வு மென்பொருள் அதில் முன்கூட்டியே நிறுவப்பட்டிருந்ததால், எழுந்தவுடன் பதில் சொல்லிவிட்டது. லோட் பேலன்சரும் அதை நம்பி மாணவர்களை அனுப்பிவிட்டது.

எனவே வரிசையை மாற்றினோம். முதலில் அன்சிபிள்-புல் வெற்றிகரமாக முடிய வேண்டும். அதன் கடைசி வேலையாக, நேர மண்டலம் சிங்கப்பூர்தானா, தரவுத்தளம் எட்டுகிறதா என்று சர்வர் தன்னையே சோதிக்கும். இரண்டுக்கும் ஆம் என்றால் மட்டுமே தேர்வு மென்பொருள் தொடங்கும். ஏதாவது தவறினால் சர்வர் பேசாமல் இருக்கும், மாணவர் யாரும் அங்கே அனுப்பப்பட மாட்டார்கள். தவறான பதில் சொல்லும் சர்வரைவிட, பதிலே சொல்லாத சர்வர் மேல்.

புல் முறை எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. முதலில் தரவுத்தளத்தை மேம்படுத்தி, பிறகு சர்வர்களை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும் என்பது போன்ற வேலைகளுக்கு, வரிசையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் நடுவில் இருப்பதே நல்லது. அதற்குப் புஷ் முறை பொருத்தம். ஆயிரக்கணக்கான சர்வர்கள் இருந்தால், எல்லாம் ஒரே நொடியில் களஞ்சியத்தின் கதவைத் தட்டாதபடி ஒவ்வொன்றுக்கும் சில நிமிட இடைவெளி விடவேண்டும். சிஸ்டம்டியில் அதற்கும் ஓர் அமைப்பு இருக்கிறது.

நான்கு வாரம் கழித்து

அடுத்த மாதிரித் தேர்வும் ஒரு சனிக்கிழமை. 8 மணிக்கே அலுவலகத்தில் இருந்தேன். 8.47க்கு மூன்றாவது சர்வர் பிறந்தது. கண்காணிப்புத் திரையில் அதன் நிலை சில நிமிடம் ‘தயாரில்லை’ என்றே இருந்தது. என் கைகள் விசைப்பலகைமேல் இருந்தன. ஆனால், செய்வதற்கு எதுவும் இல்லை. 8.51க்கு ‘தயார்’ என்று மாறியது. கடிகாரமும் 8.51 என்றே காட்டியது.

9 மணிக்குத் தொலைபேசி ஒலிக்கவில்லை. 9.10க்கு ஒருமுறை ஒலித்தது. தேர்வில் கணிப்பொறி பயன்படுத்தலாமா என்று ஒரு மாணவர் கேட்டார். மேற்பார்வையாளரிடமிருந்து ஒரு குறுந்தகவல் மட்டும் வந்தது. “எப்படி?” “நல்லா போகுதுண்ணே” என்று பதில் அனுப்பினேன்.

இதை நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். மேகச் சேவைக்குப் பணம் கட்டத் தேவையில்லை. ‘மல்டிபாஸ்’ என்ற இலவச மென்பொருள், உங்கள் கணினிக்குள்ளேயே ஓர் உபுண்டு சர்வரை உருவாக்கித் தரும். அதற்கு ஒரு கிளவுட்-இனிட் கோப்பையும் கொடுக்கலாம். முதல் முயற்சியாக, நேர மண்டலத்தைச் சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ மாற்றுங்கள். இரண்டாவதாக, ஒரு மென்பொருளை நிறுவச் சொல்லுங்கள். பிறகு, ஒரு கிட் களஞ்சியம் தொடங்கி அன்சிபிள்-புல்லை முயன்று பாருங்கள். சரியாக வந்ததும் அந்தச் சர்வரை அழித்துவிட்டு, புதிதாக ஒன்றை உருவாக்குங்கள். அதைத் தொடாமல் காத்திருங்கள். நீங்கள் எதுவும் செய்யாமலே அது முன்னதைப் போல எழுந்து நின்றால், உங்கள் குறிப்பு சரியாக எழுதப்பட்டிருக்கிறது என்று பொருள்.

வேலைப் பயிற்சியின் கடைசி நாளில், அந்தக் களஞ்சியத்தின் முதல் பக்கத்தில் ஒரு விளக்கம் எழுதிவைத்தேன். எது எங்கே இருக்கிறது, தவறினால் எந்தப் பதிவுக் கோப்பைப் பார்க்க வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்று. சர்வருக்கு அது தேவையில்லை. எனக்குப் பிறகு ஐந்தாவது வாரத்தில், ஒரு சனிக்கிழமைக் காலையில் தனியாக உட்கார்ந்திருக்கப்போகும் மாணவருக்காக எழுதினேன்.